எனக்காக ஏங்கிய பேருந்து

…சத்தியமாகச் சொல்கிறேன், எனக்காக ஒரு பேருந்து ஏங்கியது, பதினொரு டன் எடையுள்ள பேருந்து, நான் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வேறு யார் கை நீட்டினாலும் நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தது, நான் வேலை பார்த்த மையத்தின் இயக்குநரே கோட்டு மாட்டிக்கொண்டு போய் நின்றும் அவர் முகத்தில் புழுதியை அள்ளி இறைத்துவிட்டுப் போயிற்றாம், சொன்னால் மகள் சிரிக்கிறாள், இன்று காலையில்கூட, “ஒரு பஸ்ஸைப் பாக்கப் போறதுக்கு எதுக்குப்பா ரெண்டு தடவை தலை சீவறீங்க, இருக்கறதே நாலு முடி” என்றாள், சிரிக்கட்டும், அவள் சிரிப்பு என்னை என்ன செய்யும், ஆதாரம் நம்பவில்லை என்பதுதான்… ஆதாரம் என்பது நான் வைத்த பெயர், மையத்தின் தரவுப் பிரிவு அதிகாரி, வெயில் அடிக்கிறது என்று சொன்னால்கூட “ஆதாரம் இருக்கா சார்” என்று கேட்கிற பெண்மணி, என்னைவிட நாலு வயது இளையவர், என்னைப் போலவே துணையைப் பறிகொடுத்தவர். போன வாரம் போனில் அவரேதான் சொன்னார், “பஸ்ஸாவது ஏங்கறதாவது, அது சென்சார் கோளாறு சார், நீங்க நின்னாலும் நிக்காது, சந்தேகம்னா வெள்ளிக்கிழமை காலைல வந்து நில்லுங்க, மத்தியானம் அதுக்குள்ள இருக்கற பழசையெல்லாம் அழிச்சிட்டுப் புதுசா கத்துக்குடுக்கப் போறோம்.” அழிப்பதாம், ஆறு வருடத்தை ஒரு மத்தியானத்தில்…

அதனால்தான் ஒரு வருடம் கழித்து இங்கே நிற்கிறேன், போக்குவரத்துப் புத்தாக்க மையத்தின் சோதனைத் திடலில், ஒரு கூரை, ஒரு கம்பம், ஒரு பெஞ்சு என்று பொய்யாகக் கட்டிய நிறுத்தத்தில், எதிரே எந்த ஊருக்கும் போகாமல் வட்டமடித்து இங்கேயே வந்து சேர்கிற சாலை. ஓட்டுநர் இல்லாத பேருந்துக்குப் பயணி என்றால் யார் என்று பழக்க வேண்டும் என்றார்கள், நியாயமாக ஆயிரம் பேரை நிறுத்தியிருக்க வேண்டும், நெட்டை, குட்டை, குடை பிடித்தவர், பிள்ளையை இடுப்பில் வைத்தவர் என்று, ஆனால் பொறியாளர்களுக்கெல்லாம் அறிக்கை எழுதவே நேரம் சரியாக இருந்தது, பண்டக அறையில் திருகாணி எண்ணிக்கொண்டிருந்த நான்தான் சும்மா இருப்பவனாகத் தெரிந்தேன், “ரெண்டு நாள் நில்லுங்க சார்” என்றார்கள், ஆறு வருடம் நின்றேன், நின்ற நிற்பில் தரையில் இரண்டு பாதப் பள்ளம் விழுந்து மழைக்காலத்தில் தவளை குடும்பம் நடத்தியது, கடைசியில் அந்தப் பேருந்தின் மண்டைக்குள் பயணி என்றால் நான், நான் என்றால் பயணி, மற்றவரெல்லாம் வெறும் கம்பம்.

அதோ வருகிறது… நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது, பெண் பார்க்க வந்தவனைப்போல. மூன்றாவது ஜன்னலில் அவர், ஆதாரம், அதே பழைய இடத்தில். சரி, எப்படி நிற்பேன் நான்? இடது பக்கம் சாய்ந்துதானே, முழங்கால் வலியால், ஆனால் அறுவை முடிந்து இப்போது கால் துடைப்பக் கட்டைபோல நேராக அல்லவா இருக்கிறது, வேண்டுமென்றே சாய்ந்து பார்க்கிறேன், கையையும் நீட்டுகிறேன், என்னை நானே நடிப்பது இவ்வளவு கஷ்டமா… போய்விட்டது. வேகம்கூடக் குறையவில்லை. கையிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது, “போயிடுச்சு சார்.” ஜெயித்த குரலாக இல்லை. “இன்னொரு சுத்து வரட்டுமா?” “வரட்டும் மேடம், ரொம்ப நாள் கழிச்சுப் பாக்குதுல்ல, வெக்கப்பட்டிருக்கும்.”

ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம். அந்த நாலு நிமிடம்தான்… மகள் வீட்டில் எல்லாம் இருக்கிறது, தனி அறை, மெத்தை, வேளைக்குச் சூடாகச் சாப்பாடு, நாலு நிமிடத்துக்கு ஒருமுறை வந்து போகத்தான் யாருமில்லை. இங்கே அந்த ஜன்னலில் அவர் ஒரு லட்சம் தடவை வந்திருப்பார், குறையச் சொல்கிறேன், குனிந்த தலையும் நழுவுகிற கண்ணாடியுமாக, என்றாவது நிமிர்ந்து பார்த்தாரா, தெரியாது, ஜன்னலில் வெயில் பட்டுப் பளபளவென்று அடிக்கும், அந்தக் கம்பம் வேறு குறுக்கே மறைக்கும். மறுபடி வருகிறது. இந்த முறை தோல்வி என்று எழுதிவிடுவாரோ, பேனா எடுத்துவிட்டாரோ, எங்கே, முகமே தெரியவில்லையே இந்த வெயிலில், கொஞ்சம் தள்ளி, தோளை இறக்கி, கழுத்தை நீட்டி…

பேருந்து நின்றுவிட்டது. நான் கையே நீட்டவில்லை. கதவு திறந்து அவர் இறங்கி வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முழங்கால்தான் மேடம், பழைய ஞாபகத்துல சாஞ்சிடுச்சு” என்றேன், எதற்கு முந்திக்கொண்டு சொன்னேன்? “முழங்கால் இல்ல சார்” என்றார், “பஸ் கேமராவோட ஆறு வருஷப் பதிவையும் உக்காந்து ஓட்டி ஓட்டிப் பாத்துட்டேன். கை நீட்டறதுக்கு முன்னாடி மூணாவது ஜன்னலை எட்டிப் பாப்பீங்க. தினமும், ஒவ்வொரு சுத்துக்கும். அதைத்தான் அது கத்துக்கிச்சு.” ஆறு வருடப் பதிவு… ஒரு நாளைக்கே ஏழு மணி நேரம் வருமே, கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வாரப் பதிவு போதாதா, மீதியையெல்லாம் எதற்குப் பார்த்தார்… கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேருந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அறிக்கைத் தாளில் ஒரு வரி எழுதினார்.

“ஏங்கினது நடந்தது சார்” என்றார், “நிஜமாவே நடந்தது.”