மரபு நடையும் ராமாமணி வீட்டுச் சந்தகையும்

என் வீட்டுக்காரர் ஞானமுத்து, போத்தனூர் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு சங்கம் ஆரம்பித்தார். சிங்காநல்லூர் மரபுக் கட்டடப் பாதுகாப்பு அறக்கட்டளை என்று பெயர். இவர் தலைவர், மில்லில் சூப்பர்வைசராக இருந்த சுப்பண்ணன் செயலாளர். எங்கள் வீட்டில் டியூப்லைட் மாற்றச் சொன்னால் ஏணி ஏற இவருக்கு முழங்கால் வலிக்கும். அடுத்தவர் வீட்டு ஓட்டின் மேல் ஏறச் சொன்னால் வலிக்காது. டாக்டரிடம் கேட்டேன், அவருக்கும் விளங்கவில்லை.

ஆனாலும் வேலை செய்யாத சங்கம் என்று சொல்ல மாட்டேன். ராமாமணி வீடு இன்று நிற்பது இவர்களால்தான். அவருடைய மாமனார் பருத்தி வியாபாரத்தில் செழித்திருந்த காலத்தில் கட்டிய மாடி வீடு அது. கணவர் காலமாகி, மகன் ரவிதேஜாவும் பெங்களூரிலேயே தங்கிவிட்ட பிறகு கூரை ஒழுக ஆரம்பித்தது. சங்கத்தார் இன்ஜினியரிங் கல்லூரியில் பேசி ஆள் கூட்டி வந்து ஓடு மாற்றினார்கள், கரையான் அரித்த உத்தரத்தையும் மாற்றினார்கள். பதிலுக்கு ராமாமணி ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைத் திறந்து வைக்க வேண்டும். மரபு நடை என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தருகிற நன்கொடையில் மிச்ச மராமத்து நடக்கும். நல்ல ஏற்பாடுதான். சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் பக்கம் வாசலேறி வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் கிடையாது. சாப்பிடச் சொன்னவரிடம் வேண்டாம் என்று சொல்கிற வழக்கமும் கிடையாது. முதல் வாரம் ராமாமணி காபி கொடுத்தார். அடுத்த வாரம் பொங்கல். அதற்கப்புறம், இடியாப்பம்போலப் பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை. கட்டடத்தின் புகழைவிடச் சந்தகையின் புகழ் வேகமாகப் பரவி, அவிநாசியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். இவர் தூண்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேர் மூக்கு அடுப்படிப் பக்கம் திரும்பிவிடும். ஜனங்களுக்கு மரபின் மேல் எத்தனை ஆர்வம் பார் என்று என்னிடம் பூரித்துப்போனார். நானும் இரண்டு தட்டுச் சாப்பிட்டிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். ராமாமணி சந்தகை பிழிகிற அச்சின் மேல் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை என்று சட்டென எழுந்து, வெகு மரியாதையாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. ஊட்டக் குடுத்துபோடலாம்னு இருக்கேனுங்க. ரவி ஒரு பில்டரக் கூட்டியாரானுங்க. சித்திரையில இடிச்சுபோடுவாங்களாமா."

இவ்வளவு பாடுபட்டு வீட்டுக்கு ஓடு மாற்றியது இடிப்பதற்கா என்று கேட்டேன்.

"வந்தவங்களுக்குச் சோறு போடாம என்னால இருக்க முடியாதுங்க. போடவும் முடியலீங்க."

கரையானிடமிருந்து காப்பாற்றிய வீட்டை நாங்களே தின்று தீர்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்ததும் இவரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

மதியம் சங்கம் அவசரமாகக் கூடியது. சாப்பாடு வேண்டாம் என்று போர்டு வைக்கலாம் என்றார் சுப்பண்ணன். அது அந்தம்மா முகத்தில் அடித்த மாதிரி. வருகிறவர்கள் டிபன் கட்டிக்கொண்டு வரட்டும் என்றார் என் வீட்டுக்காரர். அதற்குப் போர்டே மேல். நேரே போய்ப் பேசிவிடலாமே என்று நான் சொன்னதும், கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல இருவரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் இவருக்கு லெந்து காலம் ஞாபகம் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் நாங்கள் உபவாசம் இருக்கிற நாட்கள் அவை. உபவாசக்காரரைச் சாப்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த உபவாசம் கிடையாதே என்றேன். ராமாமணிக்கு அதெல்லாம் தெரியவா போகிறது என்றார், சபையில் வேதம் வாசிக்கிற இந்த மனிதர். சுப்பண்ணன் தனக்கு முருகன் விரதம் என்று வைத்துக்கொண்டார். நடைக்கு வர இருந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து ஆளுக்கொரு விரதம் ஒதுக்கினார்கள்.

அடுத்த ஞாயிறு ராமாமணி அடுப்பு மூட்டக் கிளம்பியதும் இவர் பவ்யமாகத் தன் லெந்து காலத்தைச் சொன்னார். அவரவர் விரதத்தை அவரவர் சொன்னார்கள். ராமாமணி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். சரிங்க என்று உள்ளே போனார். அடுப்படியில் செய்ய ஒன்றும் இல்லாமல் சற்று நேரம் நின்றிருப்பார் போலிருக்கிறது. பிறகு கூடத்துக்கு வந்து எங்களோடு நின்றார்.

மாடிப்படிச் சுவரில் கலர்க் கண்ணாடி பதித்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. காலை வெயில் அதன் வழியாக இறங்கி, கூடத்துத் தரையெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விழும். கொஞ்ச நேரம்தான், அப்புறம் போய்விடும். எல்லோரும் செல்போனை எடுத்தார்கள். ராமாமணி அந்த நிறங்களுக்கு நடுவில் போய் நின்று, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பவும் இப்பிடித்தான் விழுகுதுங்களா?"

தினமும் விழும் என்றார் இவர். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த நேரத்தில் ராமாமணி அடுப்படியில்தான் இருந்திருக்கிறார். மாமனாருக்கு, கணவருக்கு, மகனுக்கு, அப்புறம் எங்களுக்கு. எனக்குக் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

நிறம் போகிற வரைக்கும் யாரும் நகரவில்லை. பிறகு ராமாமணி இவர் பக்கம் திரும்பினார். தான் கான்வெண்டில் படித்தவள் என்றும், ஞாயிற்றுக்கிழமை நோன்பு கிடையாது என்று சிஸ்டர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்றும் மெதுவாகச் சொன்னார். இவர் தூணைப் பார்த்தார். சுப்பண்ணன் கூரையைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்கக்கா. அடுத்த வாரமும் நோம்பே இருங்க. அந்தப் பில்டரு வரவேண்டாம்னு ரவிகிட்டச் சொல்லிப்போடறேனுங்க. நான் இன்னும் ஊட்டையே பாத்து முடிக்கலீங்க."