அரை லிட்டர் எண்ணெய் எங்கே போகிறது

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஸ்கூட்டர் மக்கர் செய்து மெக்கானிக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது கையில் வந்து விழுந்தது. நான் குடும்பக் கதை எழுதுகிறவள். கோபித்துக்கொண்டு போன கணவனை ஆறே பக்கத்தில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன். டிராக்டர் விஷயத்தில் நான் சுத்த ஞானசூனியம்.

"நீங்க புருஷன் பொண்டாட்டி கதைதானே மேடம் எழுதுறீங்க?" என்றார் மெக்கானிக், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "இதுக்குப் பதில் சொல்லுங்க. ஒரு பழைய டிராக்டர். தினமும் அரை லிட்டர் ஆயில் குடிக்குது. பின்னால புகை இல்ல. கீழ ஒரு சொட்டு ஒழுகல. ஆயில் எங்க போகுது?"

"இதுல புருஷன் எங்க வர்றார்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

2

முதல் தொடக்கம்: 'அந்த டிராக்டர் ஒரு கிழட்டு யானையைப் போல' (வேண்டாம். யானையும் எனக்குத் தெரியாது.)

இரண்டாவது: 'அவள் கண்களில் நீர் தளும்ப' (இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை, அதற்குள் என்ன அழுகை?)

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அந்த டிராக்டரின் சொந்தக்காரி பத்தொன்பது வருஷமாக அதை ஓட்டுகிறாள். கூப்பிட்டவர்கள் நிலத்தையெல்லாம் உழுது கொடுப்பதுதான் அவள் தொழில். கணவர் தையற்காரர், வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறார். சென்ற வருஷத்திலிருந்து அவளுக்கு முதுகு வலி. "வித்துடலாமே" என்று அவர் ஒருமுறை சொன்னார். "என்னையும் சேர்த்து வித்துடுங்க" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் டிராக்டரைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. காய்கறி, மழை, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் பேசுவார்கள்.

3

எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கம்பி உண்டு. உருவிப் பார்த்தால், மேல் கோட்டில் நனைந்திருந்தால் சரியான அளவு. அவள் மாலையில் ஷெட்டுக்குள் வண்டியை நிறுத்திய கையோடு கம்பியை உருவுவாள். கோட்டுக்குக் கீழே இருக்கும். அரை லிட்டர் ஊற்றுவாள்.

அவள் செய்த பிழை இதுதான். ஓடி நின்ற எஞ்சினில் எண்ணெய் பாதி மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே இறங்கப் பத்து நிமிஷம் வேண்டும்.* குளித்துச் சாப்பிடும் அவசரத்தில் அந்தப் பத்து நிமிஷத்தை அவள் கொடுப்பதில்லை.

காலையில் அவள் எழுவதற்கு முன் தையற்காரர் வண்டியைத் துடைப்பார், தண்ணீர் பார்ப்பார், கம்பியை உருவுவார். இறங்கிய எண்ணெய் கோட்டைத் தாண்டி நிற்கும். அளவை மீறியதை வெட்டியே பழகிய கை அல்லவா? அடி போல்ட்டைத் தளர்த்தி, மிகுந்ததைக் கேனில் பிடித்துவிடுவார்.

மாலையில் அவள் ஊற்றுவாள். காலையில் அவர் இறக்குவார்.

"புகையில போச்சுன்னு நெனச்ச ஆயில், ஷெட்டுல சாக்குக்குப் பின்னாடி கேன்ல குந்திக்கிட்டு இருக்கு மேடம், வண்டி பார்க்கப் போனப்ப நானே பார்த்தேன்," என்றார் மெக்கானிக்.

(* மெக்கானிக் சொன்ன கணக்கு. எனக்கு இதில் சொந்த அறிவு எதுவும் கிடையாது.)

4

இதுவரை இது சிரிப்புக் கதை. எனக்குச் சந்தேகம் வருவது ஒரு சாப்பாட்டு வேளையில். அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"தினம் அரை லிட்டர் குடிக்குது. எஞ்சின் முடிஞ்சுபோச்சு. நீங்க சொன்னதுதான் சரி. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆள் வருது, எடுத்துட்டுப் போக."

அந்த நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னது, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?"

ஏன்?

நல்லவராக எழுதிப் பார்த்தேன்: பத்தொன்பது வருஷம் ஓட்டியவளிடம் 'உனக்கு அளக்கத் தெரியவில்லை' என்று சொல்ல மனம் வராமல் அவர்… கெட்டவராகவும் எழுதிப் பார்த்தேன்: காரியம் தானாக நடக்கும்போது வாயைத் திறப்பானேன் என்று அவர்… (இரண்டிலும் அதே மனிதர், அதே கரண்டி. எது பொருந்துகிறது என்று எனக்கே தெரியவில்லை.)

என் கணவரிடம் கேட்டேன்: "நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"நம்மகிட்டதான் டிராக்டர் இல்லையே," என்றார், பேப்பரிலிருந்து தலை நிமிராமல்.

5

வியாழக்கிழமை மாலை. மெக்கானிக் அவளிடம் கேனைப் பற்றி மூச்சு விடவில்லை. "புருஷன் பொண்டாட்டி நடுவுல ஸ்பேனர் விடக்கூடாது மேடம்." ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "அக்கா, நிறுத்தின உடனே அளக்காதீங்க. பத்து நிமிஷம் பொறுங்க."

அதனால் அவள் மட்கார்டில் உட்கார்ந்திருக்கிறாள். தையற்காரர் கழுத்தில் டேப்போடு இரண்டு டீ கொண்டுவருகிறார்.

"என்ன, இன்னிக்கு அளக்கலையா?"

"பத்து நிமிஷம் போகட்டும். ஆயில் கீழ இறங்கணுமாம்."

டம்ளரை நீட்டிய கை அப்படியே நிற்கிறது. இன்று காலை அவரே சரியாகக் கோட்டில் நிறுத்திய எண்ணெய். பத்து நிமிஷம் கழித்துக் கம்பி அதையேதான் காட்டும். அப்புறம் அவள் கேட்பாள், இத்தனை நாள் ஊற்றியதெல்லாம் எங்கே என்று.

"டீயைக் குடுங்க, ஆறிடும்."

கொடுக்கிறார். மறுபக்க மட்கார்டில் ஏறி உட்காருகிறார். நடுவில் அவளுடைய இருக்கை காலியாக இருக்கிறது.

"நாலு நிமிஷம் ஆச்சு," என்கிறாள்.

"ஏம்மா…"

"சொல்லுங்க."

6

"அப்புறம்?" என்று நான் கேட்டேன். மெக்கானிக் வாயைத் திறந்தார். "இருங்க, சொல்லாதீங்க," என்று ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து தையற்காரர் வாயில் மூன்று வாக்கியங்களை வைத்துப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறேன்.

'நீ முதுகு வலியில புரண்டு படுக்கிறதைப் பார்க்க முடியல…'

'நீ அளக்கிறது தப்புன்னு எப்படிச் சொல்றதுன்னு…'

'அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல.'

மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் எதை முதலில் சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான், நாளை ஒன்பது மணிக்கு வருகிற ஆள் வெறுங்கையோடு திரும்புவார், அல்லது அவள் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். டிராக்டர் வீட்டிலேயே தங்கிவிட்டால்கூட, அவர்களுக்குள் பேச்சு தங்குமா என்பது வேறு.

இன்னும் ஆறு நிமிஷம் இருக்கிறது. அவர் உங்களைப் பார்க்கிறார். எழுதும் நாற்காலியிலிருந்து நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள்.