அப்பாவின் பையில் நாற்பத்தைந்து

இடிகம்பின் நுனியில் துணியைச் சுற்றி, அப்பாவின் துப்பாக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தான் லெவி. பகல் ஒரு மணிக்கு அப்பாவின் அடக்கம். வேட்டை முகாமைச் சேர்ந்த யார் இறந்தாலும், குழியை மூடுவதற்கு முன் அவருடைய துப்பாக்கியைக் குண்டில்லாமல் ஒருமுறை வெடிப்பார்கள். சுடப்போவது தம்பி நெட் என்று அம்மா நேற்றே சொல்லிவிட்டாள்.

"அவனோடதும் அதே ஐம்பத்திநாலு அளவுதானே. கை பழகியிருக்கும்."

துடைக்கும் வேலை மட்டும் லெவிக்கு.

அவனுக்குப் பதினான்கு வயதானபோது அப்பா வாங்கித் தந்தது குழல்துளை சின்னதான, நாற்பத்தைந்து அளவுத் துப்பாக்கி. மூன்று வருடம் கழித்து நெட்டின் முறை வந்தது. தன்னுடையதைப் போலவே ஐம்பத்துநான்கு வாங்கிக் கொடுத்தார். அதன்பின் அப்பாவுக்கும் நெட்டுக்கும் குண்டு வார்க்க ஒரே அச்சு. மலையில் நெட்டுக்குக் குண்டு தீர்ந்தால், அப்பா தன் தோள்பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுப்பார். லெவி தன் குண்டைக் கடையில் வாங்கிக்கொண்டான்.

"எனக்கு மட்டும் ஏம்ப்பா சின்னது?" என்று ஒரே ஒருமுறை கேட்டான்.

"உனக்கு அது போதும்டா" என்றார் அப்பா.

அந்த ஒரு வார்த்தையை முப்பது வருடமாக மென்றுகொண்டிருந்தான். அந்தச் சின்னத் துப்பாக்கியால் பதினாறு மான் வீழ்த்தியும் அது விழுங்கக்கூடியதாக ஆகவில்லை. ஒவ்வொரு ஜனவரி வேட்டைக்கும் எல்வுட் சித்தப்பா முகாம் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்: "என்னடா, இந்த வருஷமும் அணில் துப்பாக்கிதானா? மான் சிரிச்சே செத்துரும்டா!" எல்லாரும் சிரிப்பார்கள். நெட்டும் சிரிப்பான். அதுதான் அதிகம் வலித்தது.

வெடிமருந்து வைக்கும் கொம்பை எடுக்க அப்பாவின் தோள்பையைத் திறந்தான். ஐம்பத்துநான்கு அளவுக் குண்டுகள் ஒரு தோல் சுருக்குப்பையில் கிடந்தன. அதற்கும் அடியில், இருமல் மிட்டாய் டப்பி ஒன்று. திறந்தான். சின்னக் குண்டுகள், பன்னிரண்டு. ஒன்றை எடுத்து விரலிடையில் உருட்டிப் பார்த்தான். அளவுகோல் தேவைப்படவில்லை. நாற்பத்தைந்து.

ஈயம் ஒரு வருடத்தில் மங்கிப்போகும். இவை புதுக் காசு போல மின்னின. சிலவற்றின் மேற்பரப்பு சுருங்கியிருந்தது. நடுங்கும் கையோடு, ஈயம் ஆறத் தொடங்கிய பிறகு ஊற்றியவை.

"அம்மா, இது என்ன?"

அம்மா உலர்திராட்சை வைத்துச் சுட்ட அப்பத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். சாவு வீட்டுக்கென்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கொண்டுவந்தது. கத்தியை வைக்காமலேயே திரும்பிப் பார்த்தாள்.

"செப்டம்பர்ல காச்சினாரு. கை நிக்கல, இந்த வருஷம் வேணாம்னேன். கேக்கல. வருஷா வருஷம் காச்சுறதுதானே."

"எதுக்கு?"

"உனக்குத் தீந்துபோச்சுன்னா? நெட் கேட்டு வாங்கிப்பான். நீதான் வாயைத் திறந்து கேக்கவே மாட்டியேடா."

லெவி டப்பியை மூடினான். மூடிய பிறகும் மூடியை அழுத்திக்கொண்டே இருந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் முழங்கால்வரை பனி. போதகர் ஜெபம் முடித்து ஆமென் சொன்னார். நெட் முன்னே வந்தான். கண்ணீரைத் தோளில் துடைத்தபடியே துணியைக் குழலுக்குள் இடித்து இறக்கினான். வானத்தை நோக்கிப் பிடித்து விசையை இழுத்தான். கல் உரசிப் பொறி பறந்தது. குழலுக்கு வெளியே உள்ள சின்னக் கிண்ணத்தில் இட்ட மருந்து மட்டும் குப்பென்று எரிந்து அணைந்தது. சத்தமில்லை.

குழலுக்குள் மருந்து போடவே மறந்துவிட்டான் என்பது லெவிக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் புரிந்துவிடும். பிறகு சாகும்வரை, ஒவ்வொரு ஜனவரியும், எல்வுட் சித்தப்பாவின் கேலிக்கு நெட் கிடைப்பான். லெவி செய்ய வேண்டியதெல்லாம் கோட்டுப் பையில் கைவிட்டு நிற்பதுதான். கையை விட்டான். டப்பி விரலில் இடித்தது.

"பக்கத் துளை அடைச்சிருக்கு" என்றான் உரக்க. "நான்தான் சரியாத் துடைக்கல."

"துடைக்கக்கூட வராதா, அணில்காரா?" என்றார் சித்தப்பா.

"வரல சித்தப்பா."

பனியில் இறங்கிப் போய்த் துப்பாக்கியை வாங்கினான். கொம்பிலிருந்து ஒரு சிட்டிகை மருந்தைக் குழலின் பக்கத் துளை வழியே ஊசியால் உள்ளே தள்ளினான். கிண்ணத்திலும் இட்டு, விசையை இழுத்தான். இருமல் போல ஒரு சத்தம். துணி வெளியே தெறித்துப் பனியில் விழுந்தது. குழலைத் துடைத்துத் தம்பியிடம் நீட்டினான்.

"முதல்ல மருந்து" என்றான், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"அண்ணா..." நெட் துப்பாக்கியைத் திருப்பி நீட்டினான். "நீயே சுடேன்."

"அம்மா உன்னைத்தான் சொன்னாங்க. போடு."

இந்த முறை வெடித்தது. தேவதாரு மரங்களிலிருந்து பனி பொதபொதவென உதிர்ந்தது. வெண்புகை குழியின் மேல் சற்று நின்று, ஓடைப் பக்கம் கலைந்து போனது.

வண்டியை நோக்கி இருவரும் நடந்தார்கள். அடி வைக்கும்போதெல்லாம் லெவியின் கோட்டுப் பைக்குள் டப்பி கலகலத்தது. நெட் திரும்பிப் பார்த்தான். லெவி அதைக் கையால் பிடித்து நிறுத்தவில்லை.