பஸ்ஸில் ஏறாதவர்கள்

அம்மா சாப்பிட மறுத்தாள். காரணம் நான் எழுதிய கதை.

அந்த வருஷம் முகாம்களில் இருந்த அகதிகளைச் சிலோனுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். நாங்கள் அகதிகள் இல்லை. இந்தியப் பிரஜை என்று சிலோனிலேயே பாஸ்போர்ட் கொடுத்து, மண்டபத்தில் இறக்கி, அங்கிருந்து இந்த மலைக்குத் தேயிலை பறிக்க அனுப்பப்பட்டவர்கள். ஆனால் கூடலூர் பஸ்ஸில் எங்கள் பேச்சைக் கேட்டதும் கண்டக்டர் "சிலோனா?" என்று கேட்டுவிட்டு ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வையிலிருந்துதான் கதை கிளம்பியது.

ஒருநாள் விடிகாலையில் ஓவேலி ரோட்டில் நீல பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு அதிகாரி இறங்கி, ஏதோ தவறு நடந்துவிட்டது, நீங்கள் இங்கே வந்திருக்கவே கூடாது, ஏறுங்கள் என்கிறார். மரியாதையாகத்தான் சொல்கிறார். கோழியைக் கூடைக்குள் அமுக்கிக்கொண்டு எல்லோரும் ஏறுகிறார்கள். அவ்வளவுதான் கதை. பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல், தோட்டக் கூலிகளின் லயத்து அறையில் அடுப்புப் புகையைத் தின்றுகொண்டிருந்தவள் நான். இருந்த ஆத்திரம் முழுவதையும் அதில் கொட்டியிருந்தேன்.

பத்திரிகைக்கு அனுப்பும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மடத்தனம். அம்மாவைப் பொறுத்தவரை கதை என்றால் நடந்தது. நடக்காததை ஒருவர் சொன்னால் அது பொய், இல்லாவிட்டால் ஆண்டவர் காட்டிய தரிசனம். மகள் பொய் சொல்ல மாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை சபையில் உபவாச ஜெபம். சபை என்றால் பழைய மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் போட்ட இடம். காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிடவில்லை. அம்மாவின் தொல்லை தாங்காமல் நானும் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். ஃபேக்டரியிலிருந்து தேயிலை வாசனை வந்துகொண்டிருந்தது. அம்மாவோடு கொழுந்து எடுக்கும் ஞானசுந்தரி அக்காவுக்குப் பட்டினி ஏற ஏற ஆண்டவரின் வார்த்தை வரும். மதியத்துக்கு மேல் அவள் கத்த ஆரம்பித்தாள்.

"பஸ்ஸு வருது! நீல பஸ்ஸு வருது! கூடையில கோழி கத்துது, ஆண்டவரே!"

என் பஸ். என் கோழி. கொழுந்து மலையில் அம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"நிறுத்துங்க! அது நான் எழுதின கதை. நானா கற்பனை பண்ணினது."

சத்தம் நின்றது. கோத்தகிரியிலிருந்து வரும் பாஸ்டர் தனசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங் தங்கச்சி, அத உங்களுக்குக் குடுத்தது யாருங்க?"

"யாரும் குடுக்கல. நானே யோசிச்சேன்."

"சாப்பிட்டுட்டு எழுதுனீங்களா, சாப்பிடாமயா?"

அன்று எழுதும் வேகத்தில் சோற்றை மறந்திருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"சாப்பிடல."

"அல்லேலூயா!" கொட்டகையே அதிர்ந்தது.

அதிலிருந்து நான் தண்ணீர் பிடிக்கப் போனாலும் விடமாட்டார்கள். பக்கத்து அறை வேலாமணி அக்கா குழாயடியில் மறித்துக்கொண்டாள்.

"ஏன் புள்ள, பஸ்ஸு எப்ப வருது? மகளுக்குத் தையில கலியாணம். வைக்கலாமா, வேணாமா?"

"அக்கா, அது கதை."

"சரிடி. கதையில தைக்கு முன்னயா, பின்னயா?"

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். அம்மாவை என்ன செய்ய? வந்த வார்த்தை திரும்பிப் போகும்வரை சோறு தொடுவதில்லை என்று சபையில் பொருத்தனை பண்ணிவிட்டாள். அவளுக்குக் குடலில் புண். பட்டினி கிடந்தால் செத்துப்போவாய் என்று டிஸ்பென்சரி கம்பவுண்டர் கத்திவிட்டுப் போனார். அவள் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மலைச்சரிவில் மயங்கி விழுந்தவளைக் கம்பளியில் போட்டுப் பெண்கள் தூக்கி வந்தார்கள்.

கஞ்சியை டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கதையக் கிழிச்சுப் போடறேன். போதுமா?"

"கிழிச்சா? எல்லாரையும் ஏத்தி உக்கார வச்சாச்சு. இனி கிழிச்சா எங்கிட்டு எறங்குறது?"

"சரி, மாத்தறேன். நாடுகாணி பக்கம் பஸ் ரிப்பேராகி நின்னுடுது."

"வேற பஸ்ஸு அனுப்புவான்."

"அனுப்ப வேணாம்னு மேலிடத்து ஆர்டர் வந்துடுது."

அவ்வளவு பலவீனத்திலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஆர்டர் வந்து நமக்கு என்னிக்கு நல்லது நடந்துச்சு? படிச்ச புள்ளதானே நீ?"

"அப்ப என்னதாம்மா எழுதணும்? சொல்லித் தொலை!"

அம்மா கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அங்க ஹட்டன்ல ரயிலேறச் சொன்னாங்க, ஏறுனோம். கப்பலேறச் சொன்னாங்க, ஏறுனோம். மண்டபத்துல லாரி. எதுக்குன்னு எங்க அப்பன் ஒரு வார்த்த கேக்கல. நானும் கேக்கல. கதையிலயும் எல்லாரையும் ஏத்திப்புட்டியே புள்ள. ஒருத்தராவது மாட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

'எல்லோரும் ஏறினார்கள்.' நான் மிகவும் ரசித்து எழுதிய வரி. யாரும் எதிர்க்காததுதான் கதையின் பலம் என்று நினைத்து வைத்திருந்தேன். கல்லூரியில் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

"யாரு மாட்டேன்னு சொல்றது?"

"எம் பேரப் போடு."

பேனாவை எடுத்தேன். 'கிருஷ்ணம்மாள் ஏறவில்லை' என்று எழுதினேன்.

"சத்தமாப் படி."

படித்தேன்.

"ஆபீசர் என்னா சொன்னாரு?"

"இன்னும் எழுதல."

"என்ன வேணும்னாலும் சொல்லட்டும்." முழங்கையை ஊன்றி எழுந்து டம்ளரை எடுத்தாள். முதல் வாயிலேயே புரைக்கேறியது. முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அம்மாவைத் தூக்கி வந்த பெண்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள்.

"எம் பேரையும் போடு," என்றாள் வேலாமணி அக்கா. "எம் மகளும் ஏறல. கலியாணச் சோலி கெடக்குன்னு சொல்லிட்டோம்."

"எனக்கு முட்டிவலி. படி ஏற முடியாதுன்னு போடு," என்றாள் இன்னொருத்தி.

"ஆபீசரு அடிச்சா?"

"அடிச்சா கிருஷ்ணம்மா பாத்துக்குவா."

என் பேரழிவுக் கதை சந்தைக்கடையாகிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட கதையை எந்தப் பத்திரிகை போடும்? எரிச்சலோடு எழுதிக்கொண்டே போனேன். ஒவ்வொரு பேருக்கும் அம்மா ஒரு வாய் குடித்தாள்.

ஞானசுந்தரி அக்கா மட்டும் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"என்னைய ஏத்திரு," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அங்க சிலோன்ல எங்க அக்கா இருக்கா. பிரஜாவுரிமையப் பிரிச்சப்ப அவளுக்கு அந்த நாடு, எனக்கு இந்த நாடு. உசுரோட இருக்காளான்னே தெரியல. நீல பஸ்ஸப் பாத்து நான் பயந்து கத்துனேன்னு நெனச்சீங்களா எல்லாரும்?"

அம்மாவின் டம்ளர் பாதியில் நின்றது. "ஏறாத ஞானம். நீ ஒருத்தி ஏறுனாலும் வண்டி கெளம்பிரும்."

"கெளம்பட்டும்."

"மனசுல தெம்பில்லாதவ மாதிரி பேசாத!"

"நீ ஏற மாட்டேன்னு சொன்னல்ல. அதே தெம்புலதான் நான் ஏறுறேன்னு சொல்றேன்."

எனக்கு எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. அவளை ஏறவிட்டால் பஸ் நகரும். விடாவிட்டால், ஏறுங்கள் என்று சொன்ன அதிகாரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிடுவாளோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஞானசுந்தரியை வெகுநேரம் பார்த்தாள்.

"சன்னலோரமா உக்கார வையி," என்றாள் என்னிடம். "மல எறக்கத்துல அவளுக்கு வாந்தி வரும்."

மீதிக் கஞ்சியைக் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.