சாயக்காரிக்கு மூன்று முழுக்கு

செசரேயாவில் ஈஸ்டர் நெருங்கினால் ரொட்டிக் கடையில்கூடப் பிதாவும் சுதனும்தான் பேச்சு. ஆம்மியாவோ அந்தப் பேச்சு எழுந்தாலே கடையைவிட்டு நகர்ந்துவிடுவாள். கம்பளிக்குச் சாயம் தோய்ப்பவள், முழங்கை வரை சிவப்பு. ஞானஸ்நானம் என்னும் திருமுழுக்கைக் கேட்டு, இரண்டு வருடமாகக் கிடைக்காமல் திரும்பி வந்தவள். இந்தக் குளிரில் இருமல் நெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஈஸ்டருக்கு இருப்பாளா என்று எனக்குப் பயம்.

முழுக்குக் குளத்தில் பெண்களுக்குத் தொண்டு செய்பவள் நான். அவளைத் தயார்செய்ததும் நான்தான்.

முழுக்குப் பெறுவோரின் பெயர் எழுதும் நாளில் குரு லியோந்தியுஸ் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்வி: பிதா, சுதன், ஆவி என்ற மூவர் எப்படி ஒரே கடவுள்? மற்றவர்கள் அவர் சொன்னதையே ஒப்பித்துவிட்டுப் போவார்கள். இவளுக்கோ சொந்தமாக யோசித்தாக வேண்டும். முதல் வருடம், ஒரே ஆள் பிள்ளைக்கு அப்பன், தாய்க்கு மகன், சந்தையில் வியாபாரி என்றாள். அது ஒருவர் போடும் மூன்று வேஷம் என்று தள்ளிவிட்டார். அடுத்த வருடம், ஒரு வயிற்றில் பிறந்த மூன்று சகோதரர்கள் என்றாள். மூன்று கடவுளாக்கிவிட்டாயே என்றார். அது மட்டும் பாவி நான் சொல்லிக் கொடுத்தது.

இந்த முறை கெஞ்சினேன். சூரியன், கதிர், வெளிச்சம். அது குருவின் உவமை, அதைச் சொல்லிவிட்டு வாயை மூடு என்றேன்.

சொன்னாள். குரு முகம் மலர்ந்து எழுதுகோலை மையில் தோய்த்தார். அவள் வாயை மூடவில்லை.

"சாமி, ஒரு சந்தேகம். கதிர் தூரம் போகப் போகச் சூடு கொறையுதே. அப்ப மகன் அப்பனவிடக் கொறைஞ்சவரா?"

எனக்கு உயிரே போய்விட்டது. ஊரில் பாதிப் பேர் அடித்துக்கொள்வது இதற்குத்தான். குரு மை காயும்வரை அவளையே பார்த்தார்.

"இல்லம்மா, உவமைதான் கொறைஞ்சது. இருவது வருசமாச் சொல்றேன், ஒருத்தரும் இதக் கேக்கல."

மறுபடி மையில் தோய்த்துப் பெயரை எழுதினார்.

ஈஸ்டர் விடியலில், பெண்களுக்காகக் குளத்தை மறைத்துக் கட்டிய திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரு மூன்று பெயரையும் சொல்ல, நான் அவளை மூன்று முறை முக்கினேன். நடுங்கிக்கொண்டே எழுந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"அக்கா, கம்பளிய நானும் மூணு தடவதான் முக்குறேன். வர்ற நிறம் ஒண்ணுதான். இது ஏன் எனக்குத் தோணல?" என்றாள். உடனே நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா மொத முக்குல வெளிறித்தான இருக்கும்..."

முதலில் தலையைத் துவட்டடி என்று வெள்ளாடையைப் போர்த்தினேன்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குருவின் குரல் வந்தது. "அவளத் தடுக்காதம்மா. மிச்சத்தையும் சொல்லட்டும்."