வேறொரு கை திறந்த கூண்டு

1

இந்தக் கதை எனக்கு வசவாக வந்து சேர்ந்தது.

கம்போடியாவின் புனோம் பென்னில், கட்டட வேலை நடக்கும் தெரு ஒன்றில், காலைச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தேன். டுக்டுக் ஓட்டும் வுத்தி வண்டியை நிறுத்தினான், எதிரில் உட்கார்ந்தான், என் ஐஸ் காபியை எடுத்துப் பாதி குடித்தான், பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தான். என்னை ஏன் என்பது பின்னால் வரும். திட்டி ஓய்ந்ததும், "எழுதுறவன்னு சொல்லிக்கிறியே, இத எழுது பாப்போம்" என்றான்.

அதே வாரம்தான் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பத்திரிகை கேட்டிருந்தது: தென்கிழக்காசியத் தலைநகர் ஒன்றில் ஒரு பயணியின் முதல் நாள். வண்ணமும் வாசனையுமாக இருக்க வேண்டுமாம். படித்து முடித்ததும் டிக்கெட் போடத் தோன்ற வேண்டுமாம்.

இரண்டு கடனையும் ஒரே கதையில் கழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கழியவில்லை.

2

முதல் தொடக்கம்:

பொன்னிறக் கூரைகளின் மேல் கதிரவன் எழ, தோன்லே சாப் ஆறு பட்டுப்புடவை விரித்ததுபோல்

(இல்லை. அந்த ஆற்றில் மூழ்கி மணல் அள்ளியவன் எவனும் பட்டுப்புடவை என்று சொல்ல மாட்டான்.)

இரண்டாம் தொடக்கம்:

என்றும் புன்னகை மாறாத இந்த மக்களின்

(ஏன் மாறாது? வீட்டுக்காரன் வாடகைக்கு வந்து நிற்கும்போது பார்க்கச் சொல்லுங்கள்.)

மூன்றாம் தொடக்கம்:

ரக்ஸ்மெய் ஆற்றங்கரைச் சந்நிதிக்கு வந்தபோது அவள் செருப்பில் சிமெண்டு காய்ந்திருந்தது.

இது நிற்கும். பயணி எங்கே என்று பத்திரிகைக்காரர் கேட்பார். வருவாள். பயணிகள் வராமல் இருப்பதில்லை.

3

ரக்ஸ்மெய் கட்டடத்தில் கல் சுமப்பவள். அவள் புருஷன் பிசெத், அதே கட்டடத்தில் சாரம் கட்டுகிறவன். மூன்று நாளைக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லை. அந்த வேலையில் யார் இடுப்பிலும் இல்லை. குடித்திருந்தான் என்று காண்டிராக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.*

* குடித்திருக்கவில்லை. குடித்திருந்தாலும்தான் என்ன? பெல்ட் என்பது குடித்தவனையும் பிடிக்கத்தான்.

அன்று அவனுக்குத் தலையில் அறுவை. ஆஸ்பத்திரியில் பிசெத்தின் அக்கா இருந்தாள். ரக்ஸ்மெய் குருவி விட வந்திருந்தாள். இங்கே நோயாளிக்காக, செத்தவர்களுக்காக, பரீட்சைக்காகக்கூட, கூண்டுக் குருவியை வாங்கிப் பறக்கவிடுவார்கள். ஓர் உயிர் விடுபட்டால் அந்தப் புண்ணியத்தில் இன்னோர் உயிர் பிழைக்கும் என்று கணக்கு.

குருவி விற்கும் சாவெத், சந்நிதி வாசலில் மூங்கில் கூண்டுகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எது நல்ல கூண்டு?"

"எல்லாம் ஒரே குருவிதாண்டி. துடிப்பா இருக்கறதா பாத்து எடு. சோம்பி கெடக்கறத எடுத்தா, விட்டதும் உன் தோள்லயே வந்து உக்காந்துக்கும். அப்புறம் அதுக்கும் நீதான் சோறு போடணும்."

ரக்ஸ்மெய்க்கு மூன்று நாளில் முதல் சிரிப்பு வந்தது. ஒரு கூண்டை எடுத்தாள். மூங்கில் குச்சிகளுக்கு வாயை ஒட்டிவைத்துக் குருவிகளிடம் புருஷன் பேரைச் சொன்னாள். ஆனால் திறக்கவில்லை.

"என்னடி, விடலயா?"

"அவர உள்ள கொண்டுபோற நேரத்துக்கு விடணும் அக்கா. அண்ணி போன் பண்ணுவாங்க. அதுவரைக்கும் வெச்சிருங்க, ஊதுபத்தி ஏத்திட்டு வந்துர்றேன்."

சாவெத் தன் கட்டம்போட்ட துண்டை எடுத்துக் கூண்டின் மேல் போர்த்தினாள். மூடிவைத்தால் குருவி அடங்கும். விற்றுப்போன கூண்டு என்றும் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் என்றா எழுதினேன்? இந்த ஊரில் எல்லோருக்கும்.

4

இனி பயணி.

முதலில் அவளை ஐரோப்பாக்காரியாக எழுதினேன். நெட்டை, பெரிய தொப்பி, வெயிலில் சிவந்த மூக்கு. பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. நீங்களும் சாய்ந்து உட்கார்ந்து அவளை வெறுத்திருப்பீர்கள். அது எனக்கே பொறுக்கவில்லை, அடித்துவிட்டேன். வுத்தி என் காபியைப் பிடுங்கிக் குடித்துவிட்டு என்னைத் திட்டியதற்குக் காரணம், அவள் கோயம்புத்தூர்க்காரி.

"உங்க ஊர்க்காரிதான்யா! உன்ன மாதிரியே முழிச்சா!"

மிருதுளா என்று வைத்துக்கொள்வோம். தனியாக வந்த முதல் வெளிநாடு, முதல் நாள். அவளைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன்.* வரவில்லை. காலையில் சந்தைக்குப் போயிருக்கிறாள். உயிரோடு தோலுரிக்கும் தவளைகளைப் பார்த்திருக்கிறாள். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கும் கோழிகளைப் பார்த்திருக்கிறாள். அரண்மனை மதிலோரம் வுத்தி வண்டியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். "தண்ணி வாங்கிக் குடுத்தேன், குடிச்சுட்டு தேங்க்ஸ் சொன்னா. நல்ல பொண்ணுதான்" என்றான் அவனே.

* அவள் மணிக்கட்டில் ஒரு மந்திரித்த கயிறு கட்டிவிட ஆசைப்பட்டேன். பகுத்தறிவு பேசிவிட்டுக் கயிறும் கட்டியிருக்கிறாள் பார் என்று நீங்கள் சிரிக்க வசதியாக இருந்திருக்கும். வுத்தி கயிறு எதையும் பார்க்கவில்லை. அதனால் இல்லை.

இந்த மனசோடுதான் ஆற்றங்கரையில் இறங்கினாள். வெயிலில் ஒரு கூண்டு. மேலே துணி. உள்ளே மூச்சுமுட்டும் குருவிகள் என்று நினைத்தாள். சாவெத் யாருக்கோ தாமரை மொட்டு எடுத்துக்கொடுக்கத் திரும்பியிருந்தாள். மிருதுளா துண்டை இழுத்துப் போட்டுவிட்டுக் கூண்டைத் திறந்தாள்.

குருவிகள் போய்விட்டன. கைதட்டக்கூடச் செய்தாளாம்.

5

ரக்ஸ்மெய் சந்நிதியை விட்டு வெளியே வரும்போது போன் அடித்தது. "உள்ள கொண்டுபோறாங்க, விட்டுரு" என்றாள் அண்ணி. ரக்ஸ்மெய், திறந்து கிடந்த கூண்டைப் பார்த்தபடி, "சரி அண்ணி" என்றாள். வேறென்ன சொல்வாள்?

சாவெத் மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அது வித்துப்போன கூண்டுடி! துண்டு போட்டிருக்கு, கண்ணு தெரியலயா உனக்கு?" பிறகு ரக்ஸ்மெய்யிடம், "இந்தா தங்கச்சி, வேற கூண்டு எடு, சும்மாவே எடு" என்றாள்.

"அவர் பேர அந்தக் குருவிங்ககிட்டதான் சொன்னேன் அக்கா. அதுங்க இவ கையால போயிருச்சு. புண்ணியம் இவகிட்ட இருக்கு."

சாவெத்தால் மறுக்க முடியவில்லை. எவள் கை திறந்ததோ அவளுக்குத்தான் புண்ணியம். ஆனால் அதைக் கொடுக்கலாம். திறந்தவளே வாய்விட்டு, இன்னாருக்குப் போகட்டும் என்று சொன்னால் போய்ச்சேரும்.

வண்டியிலிருந்து இறங்கிவந்த வுத்தியை நடுவில் இழுத்து நிறுத்தினார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் மிருதுளா.

"நீங்க தொறந்தது அவங்க குருவி."

"குருவி யாரோடதும் இல்ல. அடைச்சு வெச்சதுக்கு அவங்கதான் வெக்கப்படணும். நான் மன்னிப்பு கேக்கமாட்டேன்."

"மன்னிப்பு வேணாமாம். புண்ணியத்தக் குடுக்கணுமாம்."

அவள் பையைத் திறந்து டாலர் நோட்டை எடுத்தாள். "எவ்ளோ?"

ரக்ஸ்மெய் அந்த நோட்டைப் பார்த்தாள். மூன்று நாளாகக் காண்டிராக்டர் முன்னால் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.

"காச உள்ள வெக்கச் சொல்லு அண்ணே. பிச்ச கேக்கல. எம் புருஷன் தலையத் தொறந்திட்டிருக்காங்க இப்ப. அவர் பேரச் சொல்லி, அவருக்குப் போகட்டும்னு சொல்லணும். அவ்ளோதான். வாய் இருக்குல்ல அவளுக்கு?"

வுத்தி பாதியைத்தான் மொழிபெயர்த்தான். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

"இதே குருவிய சாயங்காலம் திரும்பப் பிடிச்சு விப்பாங்க, எனக்குத் தெரியும், படிச்சிருக்கேன்" என்றாள் மிருதுளா. "இது கொடுமை. அவங்க புருஷனுக்காக வருத்தப்படுறேன், நெஜமா. ஆனா அந்த வார்த்தைய சொன்னா இதுக்கெல்லாம் நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். சொல்லமாட்டேன்."

"சொல்லிடுங்கம்மா, ஒரு வார்த்தைதான? நான் என் பொண்டாட்டிகிட்ட தெனம் பத்து சொல்றேன், ஒண்ணுக்கும் நான் ஒத்துக்கல."

யாரும் சிரிக்கவில்லை.

மிருதுளா சொன்னது உண்மைதான். குருவியை மறுபடி பிடிப்பார்கள். அதனால்தான் எனக்கு ஆத்திரமே வருகிறது. உண்மையை வைத்துக்கொண்டு அதன் பின்னால் நின்றுகொண்டாள். ஆளையே பார்க்கவில்லை. தவளைக்கு அழுத கண்தான் அது.

ஓட்டலுக்குப் போகச் சொன்னாள். வுத்தி வண்டியை எடுக்கவில்லை. வேறு வண்டி பிடித்துப் போனாள்.

6

முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று. பாதி வழியில் மிருதுளா திரும்பி வருகிறாள், கண்ணீரோடு ரக்ஸ்மெய்யின் கையைப் பிடித்து

(பத்திரிகைக்குப் பிடிக்கும். பொய்.)

முடிவு இரண்டு. அன்றிரவே பிசெத்

(வேண்டாம். ஒரு கருத்தை நிரூபிக்க ஒரு கூலிக்காரனைக் கொல்வது சுலபம். காண்டிராக்டர்கள் செய்கிற வேலை அது.)

நடந்தது இவ்வளவுதான். அறுவை முடிந்தது. பிசெத் மூச்சு விடுகிறான். இதை எழுதும்வரை கண் திறக்கவில்லை. ரக்ஸ்மெய் கல் சுமக்கப் போய்விட்டு மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். சாவெத் எத்தனை கூண்டு நீட்டியும் வாங்க மறுக்கிறாள். கொடுக்க வேண்டியவள் கொடுக்காமல் அடுத்ததை விடுவது அவளுக்குச் சரிப்படவில்லை.

நான் போய்ப் பேசிப் பார்த்தேன். குருவியை விட்டால் மண்டை ஓடு ஒட்டுமா, முட்டாள்தனம் என்றேன். சுமையை இறக்கிவைக்காமலே பதில் சொன்னாள்:

"பெல்ட்டு குடுக்காதவன்கிட்ட ஒரு வார்த்த கேக்க முடிஞ்சுதா என்னால? கேட்டா வேல போயிரும். இவ கைக்கு எட்டுற தூரத்துல நின்னா. இவகிட்டயாவது கேக்கலாம்னு பாத்தேன்ணே. இவளும் மாட்டேன்னுட்டா."

அவளுக்குப் பதிலாக நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நீயா தொறந்த?" என்று நடந்துபோனாள்.

அதனால் இந்த முடிவை நான் எழுதமுடியாது. வாசகரே, உங்களாலும் முடியாது, ஒருவரைத் தவிர. இது தமிழில், நீங்கள் வாங்கும் பத்திரிகையில் வருகிறது. கம்போடியாவில் குருவிகளை விடுவித்தேன் என்று படம் காட்டும் தோழி யாராவது உங்களுக்கு இருந்தால் இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுங்கள்.

அம்மா, உங்கள் பெயரை மாற்றியிருக்கிறேன். உங்களை யாருக்கும் தெரியாது. நீங்கள் நம்ப வேண்டாம். கூண்டுகள் தப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே இருங்கள், நானும் கூடச் சொல்கிறேன். அவன் பெயரை மட்டும் நான் மாற்றவில்லை. பிசெத். படுக்கை ஜன்னலோரம். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லி