ஐஸ் ஷீட் பார்க்கும் பெண்

தாராவியில் ஷீட் என்றால் ரெக்ஸின் ஷீட், இல்லாவிட்டால் கூரைக்குப் போடும் ஷீட். மூன்றாவதாக ஒரு ஷீட் உலகத்தில் இருப்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அதனால், என் தங்கை நஜ்முன்னிசா 'ஐஸ் ஷீட்' வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்ட கல்யாணத் தரகர் கரீம் பாட்சா, அவளை வாயாலேயே கொண்டுபோய் ரெக்ஸின் கம்பெனியில் சேர்த்துவிட்டார். ரெக்ஸின் வாங்கிப் பை தைத்து விற்கும் மன்சூர் அலியின் வீட்டில், "பொண்ணும் உங்க லைன்தான்" என்று ஒரே அடியாக அடித்துவிட்டார்.

இந்தக் கூத்து எங்களுக்குத் தெரியவந்தது, அவர்கள் பெண் பார்க்க வந்து டீயும் குடித்து முடித்த பிறகு. மாப்பிள்ளையின் உம்மா சைனப் மாமி என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "நிக்காவுக்குப் பொறவு நீ வேற எங்கயும் வேலைக்குப் போவாண்டாம்மா. நம்ம கடையிலயே உக்காந்துக்கிடலாம்" என்றார் வாய் நிறைய.

நஜ்மு ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவள். லட்சம் வருஷத்துக்கும் முன்னால் பூமி இப்போதைவிடச் சற்றுச் சூடாக இருந்ததாம். அப்போது துருவங்களில் பரந்து கிடந்த பனிக்கட்டி, அதாவது ஐஸ் ஷீட், எவ்வளவு உருகியது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அந்த வேலையை விடச் சொன்னார்கள் என்றே இரண்டு சம்பந்தங்களைத் தட்டிவிட்டாள். இதுவும் போனால் உம்மா படுத்துவிடுவாள். வேலை போனால் இவள் படுத்துவிடுவாள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்க மூத்தவள் நான் ஒருத்தி.

உம்மா என் தொடையைக் கிள்ளினாள். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அர்த்தம். கிள்ளு வாங்கியது நான், வாயைத் திறந்தது தங்கை.

"நான் பாக்கது அந்த ஷீட் இல்ல" என்றாள் நஜ்மு.

அதுவரை பாயையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை மன்சூர் அலி, ஷீட் என்றதும் நிமிர்ந்தார். "பின்ன எந்த ஷீட்? எத்தன எம்எம்?"

"மூணு கிலோமீட்டர்."

அவர் சிரிக்கவில்லை. "கோடவுன் எங்க?"

"தென் துருவத்துல."

கரீம் பாட்சா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சைனப் மாமி பிடித்திருந்த கையை மெல்ல விட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

நஜ்மு விடுவதாக இல்லை. தன் வேலையை ஒன்றுவிடாமல் சொன்னாள். மன்சூர் அலி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "அம்புட்டு பழைய கதைல்லா? உங்க கணக்கு சரியா தப்பான்னு எப்பிடித் தெரியும்?"

"கடல் எதுவர ஏறிச்சுன்னு கரையில பழைய பவளப்பாறை தடம் இருக்கு. அது இருபது அடி காட்டுது. என் கணக்குல பாதிகூட ஏற மாட்டேங்குது." அவள் குரல் இறங்கிவிட்டது. "நானும் மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கேன். உருகவே மாட்டேங்குது."

இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. சரியாகச் சாப்பிடாமல் அலைந்ததைக் கல்யாணக் கவலை என்று எண்ணியிருந்தோம். என்னிடம் சொல்லாததை யாரோ ஒருவரிடம் சொல்கிறாளே என்று கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, பாவமாக இருந்தது.

"அப்ப கடைக்கு வர மாட்டீங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"வர மாட்டேன். இத விடவும் மாட்டேன்."

உம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சைனப் மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழப் போனார். மகன் எழவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் மன்சூர் அலி. அவர் காது சிவந்திருந்தது. "அது உருகுத வரைக்கும் நிக்காவத் தள்ளி வைக்கணுமா? இல்ல, நடுவுல உங்களுக்கு லீவு கெடைக்குமா?"

"அப்ப கடையில யாருல உக்காருவா?" என்றார் சைனப் மாமி.

"இத்தன நாளும் உக்காந்தது நாந்தான உம்மா?"

மாமி மகனை முறைத்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

"நாலு நாள் கெடைக்கும்" என்றாள் நஜ்மு. டீ போடுகிறேன் என்று நான் அடுப்படிக்கு ஓடிப்போய், வாயைப் பொத்திக்கொண்டு ஆசை தீர அழுதேன்.